ஐந்தாண்டு கழிந்துவிட்டால் துப்பாக்கியைத் தொடலாமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். 14 ஆண்டுகளுக்கு முன், அடுத்தவர் கிரெடிட் கார்டைப் பயன்படுத்தியதற்காக டெக்சாஸ் மாநில நீதிமன்றம் ஒன்றில் உங்கள் மீது ஃபெலனி, அதாவது கடும் குற்ற, வழக்கு நடந்தது. சிறைக்குப் போகவில்லை, புரொபேஷன் என்னும் நீதிமன்றக் கண்காணிப்பு மட்டும். அதை ஒழுங்காக முடித்தீர்கள், கார்டுக்காரரின் பணத்தையும் கட்டிவிட்டீர்கள். அதன்பின் உங்கள் மீது ஒரு வழக்கும் இல்லை. நவம்பர் பிறந்தால் மனைவி வீட்டார் மான் வேட்டைக்குக் கிளம்புகிறார்கள். இந்த ஆண்டு உங்கள் மகனும் அவர்களோடு போகிறான். "ஐந்தாண்டு தாண்டிவிட்டதே, டெக்சாஸ் சட்டப்படி உங்களுக்குத் தடையே இல்லை" என்று மைத்துனர் அடித்துச் சொல்கிறார். அது உண்மையா, உண்மை இல்லையென்றால் உரிமையைத் திரும்பப் பெற வழி உண்டா, அதுவரை மனைவி தன் பெயரில் ஒரு துப்பாக்கி வாங்கி வீட்டில் வைத்தால் சிக்கலா? இவைதாம் உங்கள் கேள்விகள். நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான தகவல். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மைத்துனர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பாதியை நம்பித்தான் ஆட்கள் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், சிறைக்குப் போகிறார்கள். நான் டெக்சாஸில் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். இதே ஐந்தாண்டுக் கணக்கைச் சொல்லிக்கொண்டு, மாட்டிக்கொண்ட பிறகு என்னைத் தேடி வந்தவர்கள் பலர். அவர்களில் யாரும் கெட்ட எண்ணத்தோடு துப்பாக்கி வைத்திருந்தவர்கள் அல்லர். நீங்கள் தொடுவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தின் 46.04ஆவது பிரிவு சொல்வது இது. ஃபெலனி தண்டனை பெற்றவர், சிறையிலிருந்து விடுதலையான நாள் அல்லது புரொபேஷன், பரோல் கண்காணிப்பு முடிந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து ஐந்தாண்டு வரை எங்கேயும் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. ஐந்தாண்டுக்குப் பிறகும் தான் குடியிருக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வைத்திருக்கக் கூடாது. மைத்துனர் முதல் வாக்கியத்தைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறார், இரண்டாவதை விட்டுவிட்டார். குத்தகைக்கு எடுத்த வேட்டை நிலம் உங்கள் வீடல்ல. அங்கே போகும் பிக்கப் வண்டியும் வீடல்ல. மாமனாரின் பண்ணையும் வீடல்ல. ஆகவே மாநிலச் சட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலும், வேட்டைக்காக ரைஃபிளைத் தூக்கினால் அது 2 முதல் 10 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய மூன்றாம் நிலை ஃபெலனி.

வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதாவது மிஞ்சுகிறதா என்றால், அதுவும் மாநிலத்தின் வழக்கிலிருந்து மட்டும்தான் உங்களைக் காக்கும். 1968ஆம் ஆண்டின் ஃபெடரல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலிருந்து வரும் 922(ஜி)(1) என்ற பிரிவு, ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைத் தடை செய்கிறது. அதில் ஐந்தாண்டு, பத்தாண்டு என்ற கெடு எதுவும் கிடையாது. ஆயுள் முழுவதற்கும் தடை. வீட்டுக்குள், வெளியே என்ற வேறுபாடும் கிடையாது. 2022இல் நாடாளுமன்றம் இதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தியது. துப்பாக்கி எப்போதாவது மாநில எல்லையைத் தாண்டி வந்திருக்க வேண்டும் என்று சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது. கடையில் இருக்கும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வேறு மாநிலத்திலோ வெளிநாட்டிலோ செய்யப்பட்டவை என்பதால் அதை மெய்ப்பிப்பது அரசுத் தரப்புக்குப் பெரிய வேலையே இல்லை. ஆக உங்கள் கதவில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. ஒன்றை டெக்சாஸ் பாதி திறந்து வைத்திருக்கிறது. மற்றதை அது தொடவே இல்லை.

"எனக்குத்தான் சிறையே கிடையாதே" என்று எழுதியிருந்தீர்கள். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். நீதிபதி உங்களுக்கு என்ன கொடுத்தார் என்பது கணக்கில்லை; அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அதிகபட்சமாக எவ்வளவு கொடுக்க அனுமதித்தது என்பதே கணக்கு. கிரெடிட் கார்டு முறைகேடு டெக்சாஸில் பொதுவாக 'ஸ்டேட் ஜெயில் ஃபெலனி'. அதற்கு 180 நாள் முதல் 2 ஆண்டு வரை விதிக்கலாம். ஓராண்டைத் தாண்டுகிறது, முடிந்தது. மாநிலம் சிறு குற்றமாக வகைப்படுத்தி, 2 ஆண்டு வரை மட்டுமே சிறை விதிக்கக்கூடியவற்றுக்கு ஃபெடரல் சட்டம் விலக்கு தருகிறது. ஆனால் உங்களுடையது ஃபெலனி என்ற பெயரிலேயே இருப்பதால் அந்த விலக்கு உங்களுக்கு உதவாது. பென்சில்வேனியாவில் இதற்கு நேர்மாறான அவலம் நடக்கிறது. அங்கே முதல் நிலைச் சிறு குற்றத்துக்கே 5 ஆண்டு வரை விதிக்கலாம். குடித்துவிட்டுக் கார் ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்டு, ஃபெலனி என்ற சொல்லே தன் தாளில் இல்லாத ஒருவர், ஆயுள் தடைக்குள் போய்விட்டதை ஆண்டுகள் கழித்துத் துப்பாக்கிக் கடையில்தான் அறிகிறார்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் 'புரொபேஷன்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது. டெக்சாஸில் அது முற்றிலும் வேறான இரண்டு விஷயங்களைக் குறிக்கலாம். ஒன்று, நீதிபதி உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்து, சிறைத்தண்டனையை நிறுத்திவைத்து, கண்காணிப்பில் விட்டது. மற்றொன்று, நீங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகும் நீதிபதி தீர்மானத்தையே ஒத்திவைத்து, கண்காணிப்புக் காலம் நல்லபடியாக முடிந்ததும் வழக்கைத் தள்ளுபடி செய்தது. முன்னது தண்டனை. பின்னது, டெக்சாஸ் சட்டப்படி, தண்டனையே அல்ல. எது தண்டனை என்பதை வழக்கு நடந்த மாநிலத்தின் சட்டத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்று ஃபெடரல் சட்டத்தின் 921(ஏ)(20) சொல்வதால், பின்னது உங்களுடையது என்றால் தடையே உங்கள் மீது இல்லாமல் இருக்கலாம். 14 ஆண்டுகளாக நீங்கள் சுமந்துகொண்டிருப்பது இல்லாத தடையாகவும் இருக்கலாம்.

எப்படித் தெரிந்துகொள்வது? நினைவை நம்பாதீர்கள், அன்றைய வழக்கறிஞர் சொன்னதாக ஞாபகம் இருப்பதையும் நம்பாதீர்கள். வழக்கு நடந்த கவுண்டியின் மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்துக்குப் போய், வழக்கு எண்ணைக் கொடுத்து, சான்றிட்ட நகல் கேளுங்கள். முதல் பக்கத்தின் உச்சியில் பெரிய எழுத்தில் ஒரு தலைப்பு இருக்கும். 'குற்றத் தீர்ப்பு' என்று இருக்கிறதா, 'தீர்மானத்தை ஒத்திவைக்கும் ஆணை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். கட்டங்கள் நிறைந்த அந்தப் படிவத்தில் குற்றத்தின் நிலையைச் சொல்லும் கட்டம் ஒன்றும் இருக்கும். அங்கேயோ, கீழே தட்டச்சு செய்த வரிகளிலோ 12.44 என்ற எண் (ஸ்டேட் ஜெயில் ஃபெலனிக்குச் சிறு குற்றத் தண்டனை தர இடமளிக்கும் டெக்சாஸ் பிரிவு) தென்பட்டால் அதை விட்டுவிடாதீர்கள். 12.44(ஏ) என்றிருந்தால், சிறு குற்றத்துக்கான தண்டனையே விதிக்கப்பட்டிருந்தாலும் அது ஃபெலனித் தீர்ப்புதான். 12.44(பி) என்றிருந்தால் வழக்கே சிறு குற்றமாக மாற்றி நடத்தப்பட்டிருக்கிறது. அப்படியானால் ஃபெடரல் தடை உங்களுக்குப் பொருந்தாது. அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஓர் எழுத்து ஒருவரின் ஆயுள் முழுவதையும் மாற்றிவிடும். புரொபேஷன் முடிந்தபோது நீதிபதி கையெழுத்திட்ட விடுவிப்பு ஆணையையும் சேர்த்து வாங்குங்கள். அது ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

தாளில் இருப்பது குற்றத் தீர்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். ஃபெடரல் சட்டம் நான்கு நிலைகளில் அந்தத் தண்டனையைத் தண்டனையாகக் கருதுவதில்லை. பதிவே அழிக்கப்பட்டிருந்தால், தீர்ப்பு ரத்து செய்யப்பட்டிருந்தால், மன்னிப்பு வழங்கப்பட்டிருந்தால், குடிமை உரிமைகள் திரும்பக் கிடைத்திருந்தால். ஆனால் இப்படித் திருப்பித் தரும்போதே 'துப்பாக்கி மட்டும் கூடாது' என்று மாநிலம் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால், ஃபெடரல் தடை அப்படியே நிற்கும். 1998இல் கேரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கியது. மாசசூசெட்ஸ் மாநிலம் ஒருவரை ரைஃபிளும் ஷாட்கன்னும் வைத்துக்கொள்ள விட்டது, கைத்துப்பாக்கிக்கு மட்டும் கட்டுப்பாடு வைத்தது. அவர் வைத்திருந்தது ரைஃபிளும் ஷாட்கன்னும்தான். மாநிலம் ஏதேனும் ஒரு வகைத் துப்பாக்கியைத் தடுத்திருந்தாலும் ஃபெடரல் சட்டம் எல்லா வகையையும் தடுக்கும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸின் 'வீட்டுக்குள் மட்டும்' என்ற அரைகுறை அனுமதியை ஒரு ஃபெடரல் அரசுத் தரப்பு வழக்கறிஞர் இந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

குடிமை உரிமை திரும்புவது பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. டெக்சாஸில் தண்டனைக் காலம் முழுவதும் முடிந்ததும் வாக்குரிமை தானாகவே திரும்பிவிடுகிறது. நீங்களும் தேர்தலில் வாக்களித்திருப்பீர்கள். அதனால் எல்லாம் திரும்பிவிட்டதாக நினைக்கக் கூடாது. நீதிமன்றங்கள் வாக்குரிமை, பதவி வகிக்கும் உரிமை, ஜூரியில் அமரும் உரிமை மூன்றையும் சேர்த்துப் பார்க்கின்றன. ஃபெலனி தண்டனை பெற்றவரை டெக்சாஸ் ஜூரியில் அமர விடுவதில்லை. எனவே தானாகத் திரும்பியது என்ற வாதம் இங்கே நிற்காது.

டெக்சாஸில் அதிகம் பேசப்படாத ஒரு வாசல் உண்டு. புரொபேஷனை முடிக்கும்போது, நீதிபதி வெறுமனே விடுவிப்பதோடு நிற்காமல், தீர்ப்பையே ரத்து செய்து வழக்கைத் தள்ளுபடி செய்யலாம். நீதிமன்றக் கருணை என்று இதைச் சொல்வோம். அப்படி ரத்தானவர் துப்பாக்கித் தடையின் பொருளில் ஃபெலனி தண்டனை பெற்றவர் அல்லர் என்று டெக்சாஸின் உயர்நிலைக் குற்றவியல் நீதிமன்றம் 2002இல் குவெயார் வழக்கில் சொன்னது. உங்கள் விடுவிப்பு ஆணையை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். அதில் தீர்ப்பை ரத்து செய்யும் வரி இருக்கிறதா, அதற்கான கட்டத்தில் குறியிட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நீங்கள் பெரும்பாலும் மீண்டுவிட்டீர்கள். இல்லையென்றால், இப்போது போய்க் கேட்க முடியாது. விடுவித்த 30 நாளுக்குப் பிறகு அந்த அதிகாரம் நீதிபதியிடம் இல்லை என்று அதே நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. இதைப் படிக்கும் யாராவது இப்போது புரொபேஷனில் இருந்தால், முடியும் மாதத்துக்கு முன்பே உங்கள் வழக்கறிஞரிடம் இதைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஒரு தாளைக் கேட்காமல் விட்டதால் வாசல் மூடிப்போனவர்களிடம் பேசும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்தது ஆளுநரின் மன்னிப்பு. டெக்சாஸ் ஆளுநர் தாமாக யாரையும் மன்னித்துவிட முடியாது. மன்னிப்பு மற்றும் பரோல் வாரியத்தின் பெரும்பான்மை எழுத்தில் பரிந்துரைக்க வேண்டும் என்று மாநில அரசியல் சாசனமே சொல்கிறது. துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வைக்காத முழு மன்னிப்பு கிடைத்தால் மாநிலத்தின் பூட்டு, ஃபெடரல் பூட்டு இரண்டும் ஒன்றாகத் திறக்கும். உங்கள் வேட்டைக் கனவுக்கு முழுமையான விடை இது ஒன்றுதான். கிடைப்பது எளிதா என்றால், இல்லை. ஆண்டுதோறும் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. ஆனாலும் விண்ணப்பிக்காதீர்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. உங்களைப் போல வன்முறை இல்லாத ஒரே குற்றம், முழுதாகத் திருப்பிக் கட்டிய பணம், நீண்ட கால நல்லொழுக்கம், நிலையான வேலை என்று இருப்பவர்களின் மனுக்களே வாரியத்தின் முன் நிற்கத் தகுந்தவை. மனுவில் நடந்ததை மழுப்பாமல் எழுத வேண்டும். கார்டின் சொந்தக்காரருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் எழுத வேண்டும். "சூழ்நிலை அப்படி" என்று தொடங்கும் மனுக்கள் எடுபடுவதில்லை.

ஃபெடரல் பக்கம் ஒரு தனி வழி சட்டப் புத்தகத்தில் எப்போதும் இருந்து வந்திருக்கிறது. 925(சி) பிரிவின்படி, பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தில்லாதவர் என்று அரசு திருப்தியடைந்தால் தடையை நீக்கலாம். முன்பு ஏ.டி.எஃப். என்ற துப்பாக்கி, வெடிபொருள் கண்காணிப்பு அமைப்பு இந்த மனுக்களை விசாரித்தது. 1992இலிருந்து நாடாளுமன்றம் ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்து, தனிநபர் மனுக்களை விசாரிக்கப் பணம் செலவழிக்கக் கூடாது என்று கட்டிப்போட்டது. வழி இருந்தது, நடக்க விடவில்லை. டெக்சாஸைச் சேர்ந்த பீன் என்ற துப்பாக்கி வியாபாரி, விசாரிக்காமல் திருப்பியனுப்புவதும் மறுப்புதானே, நீதிமன்றமே எனக்கு நிவாரணம் தரட்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்காடினார். 2002இல் நீதிபதிகள் ஒருமனதாக அதை ஏற்க மறுத்தார்கள். அமைப்பு முடிவே எடுக்காதபோது நீதிமன்றம் மறுஆய்வு செய்ய எதுவும் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று. 2025 மார்ச்சில் நீதித் துறை இந்த அதிகாரத்தை ஏ.டி.எஃப்.இடமிருந்து எடுத்துத் தானே வைத்துக்கொண்டது. அதே ஆண்டு ஜூலையில் தனிநபர் மனுக்களுக்கான வரைவு விதிகளை வெளியிட்டது. வன்முறைக் குற்றவாளிகளும் பாலியல் குற்றப் பதிவேட்டில் இருப்பவர்களும் பொதுவாகத் தகுதியற்றவர்கள் என்பது அந்த வரைவின் போக்கு. உங்களைப் போன்றவர்களுக்கு இது உண்மையான நம்பிக்கை. விண்ணப்பிக்கும் முன் இறுதி விதி என்ன சொல்கிறது என்று நீதித் துறையின் இணையதளத்தில் நேரடியாகப் பாருங்கள், ஏனென்றால் இது வேகமாக மாறிவரும் பகுதி. இன்னொன்றையும் மறக்காதீர்கள்: இதன் மூலம் திறப்பது ஃபெடரல் பூட்டு மட்டும். டெக்சாஸின் 'வீட்டுக்குள் மட்டும்' அப்போதும் அப்படியே இருக்கும். வீட்டுப் பாதுகாப்புக்குப் போதும், வேட்டைக்குப் போதாது.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதி ஐயத்துக்கு இடமில்லாதது. இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல. இந்த ஆயுள் தடையே துப்பாக்கி உரிமை பற்றிய அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தத்துக்கு முரணானதா என்ற கேள்வி இப்போது நீதிமன்றங்களைப் பிரித்து வைத்திருக்கிறது. 2008இல் ஹெல்லர் வழக்கில் துப்பாக்கி தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதே, ஃபெலனி தண்டனை பெற்றோருக்கான நெடுங்காலத் தடைகளைக் கேள்விக்குள்ளாக்கவில்லை என்றும் சொல்லிவைத்தது. 2022இல் புரூயன் வழக்கில் ஒரு புதிய அளவுகோல் வந்தது: இன்றைய துப்பாக்கிச் சட்டத்துக்கு நாட்டின் வரலாற்றில் வேர் இருக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டு வழக்குகள் குவிந்தன. அவற்றில் உங்கள் நிலைக்கு மிக அருகில் இருப்பது பென்சில்வேனியாவின் ரேஞ்ச் வழக்கு. 1995இல் உணவு உதவிக்காக வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்குத் தண்டனை பெற்றவர் அவர். தொகை 2,458 டாலர். மூன்றாண்டு புரொபேஷன், பணத்தைத் திருப்பிக் கட்டிவிட்டார். அவரைப் போன்ற ஒருவருக்கு இந்தத் தடை பொருந்தாது என்று பென்சில்வேனியா அடங்கிய மூன்றாவது சர்க்யூட் (ஃபெடரல் மண்டல) மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் சொன்னது; உச்ச நீதிமன்றம் மறுபரிசீலனைக்குத் திருப்பியனுப்பிய பிறகு 2024 டிசம்பரில் மீண்டும் அதையே சொன்னது. ஆனால் டெக்சாஸ் இருப்பது ஐந்தாவது சர்க்யூட்டில். அந்த நீதிமன்றம் 2024 செப்டம்பரில் டியாஸ் வழக்கில், பதினெட்டாம் நூற்றாண்டில் குதிரைத் திருட்டுக்கு மரண தண்டனை வரை இருந்ததைச் சுட்டிக்காட்டி, வாகனம் திருடியவருக்கு இன்று ஆயுள் தடை விதிப்பது அந்த மரபுக்குள் வருவதுதான் என்று முடிவு செய்தது. எல்லாத் தண்டனைக்கும் இது பொருந்துமா என்பதை அது திறந்தே விட்டிருக்கிறது. கிரெடிட் கார்டு முறைகேட்டைத் திருட்டோடு ஒப்பிடுவது அரசுத் தரப்புக்கு எளிது என்று நினைக்கிறேன். எதிர்வாதமும் உண்டு, அது பலவீனமானது அல்ல. ஆனால் அந்த வாதத்தைக் கையில் துப்பாக்கியோடு கைதான பிறகு வைக்காதீர்கள். ரேஞ்ச் எதையும் மீறவில்லை. தடையை மதித்துக்கொண்டே, தனக்கு உரிமை உண்டு என்று அறிவிக்கும்படி சிவில் வழக்கு தொடுத்தார். வழக்காடுவதென்றால் அதுதான் முறை.

மனைவி வாங்கலாமா என்று கேட்டீர்கள். வாங்கலாம், உங்கள் தடை அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் உங்களுக்காக, உங்கள் பணத்தில், தன் பெயரில் வாங்கினால் அது தனிக் குற்றம். அவருக்காகவே வாங்கினாலும், துப்பாக்கி வீட்டில் எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்து, எடுக்கவும் முடியும் என்றால், கையில் தொடாமலே வைத்திருந்ததாகச் சட்டம் கருத இடமுண்டு. எண்பூட்டுப் பெட்டி, அதன் எண் மனைவிக்கு மட்டும், தோட்டாக்களும் அதே பெட்டிக்குள். இதைவிடக் குறைவான எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறை அலமாரியின் மேல்தட்டு, கார் டிக்கி, கராஜில் மாட்டிய வேட்டைச் சட்டையின் பையில் கிடக்கும் இரண்டு தோட்டாக்கள், வழக்குகள் பிறப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான். பக்கத்து வீட்டுத் தகராறுக்காக வந்த போலீஸ்கூட இதைக் கண்ணால் பார்த்தால் போதும்.

மகனோடு காட்டுக்குப் போவதற்கு இந்த ஆண்டே ஒரு நேர்வழி இருக்கிறது. டெக்சாஸில் பொது மான் பருவத்துக்கு முன்பே வில் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. குறுக்குவில்லுக்கும் அதில் அனுமதி உண்டு. வில் துப்பாக்கி அல்ல; ஃபெலனித் தடை அதைத் தொடாது. முன்வாய் வழியாக மருந்து நிரப்பும் பழைய பாணித் துப்பாக்கிகள் ஃபெடரல் சட்டத்தில் 'துப்பாக்கி' என்ற வரையறைக்குள் வருவதில்லை. டெக்சாஸும் 1899க்கு முந்தைய துப்பாக்கிகளுக்கும், நவீனத் தோட்டா ஏற்காத அவற்றின் நகல்களுக்கும் விலக்கு தருகிறது. ஆனால் இன்று கடைகளில் விற்கும் நவீன வடிவ முன்நிரப்பிகள் அந்த நகல் என்ற வரையறைக்குள் அடங்குமா என்பது தெளிவில்லை. கேட்டால் நான் வில்லையே சொல்வேன். கூட வரும் மாமனாரின் ரைஃபிளை "ஒரு நிமிடம் பிடியுங்கள்" என்று கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

இதைப் படிக்கும் பிற தமிழர்களுக்காகச் சில வரிகள். குடியுரிமை பெறாமல் கிரீன் கார்டில் இருப்பவர் இந்தத் தடையை மீறினால் சிறையோடு முடியாது. குடிவரவுச் சட்டத்தில் அது நாடுகடத்தும் அளவுக்குக் கடுமையான குற்றம். எச்-1பி, மாணவர் விசாவில் இருப்பவர்களுக்குத் தண்டனை எதுவும் இல்லாவிட்டாலும் துப்பாக்கிக்குப் பொதுவான தடை உண்டு. வேட்டை உரிமம் உள்ளிட்ட சில விலக்குகள் மட்டுமே. இந்தியாவிலோ இலங்கையிலோ பெற்ற தண்டனை? ஜப்பானில் தண்டனை பெற்ற ஸ்மால் என்பவரின் வழக்கில், 922(ஜி)(1) அமெரிக்க நீதிமன்றத் தண்டனைகளை மட்டுமே குறிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஃபெடரல் நீதிமன்றத்திலேயே தண்டனை பெற்றவருக்கு மாநிலம் உரிமையைத் திருப்பித் தந்தாலும் பயனில்லை என்பது 1994இல் பீச்சம் வழக்கில் முடிவானது. அவர் அதிபரின் மன்னிப்பையோ 925(சி) வழியையோதான் நாட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் வழிகள் வேறு. கலிபோர்னியாவில் புரொபேஷன் முடித்தபின் 1203.4 பிரிவில் கிடைக்கும் தள்ளுபடி துப்பாக்கி உரிமையைத் தராது. ஆனால் 17(பி) பிரிவில் ஃபெலனியைச் சிறு குற்றமாகக் குறைத்தால் பெரும்பாலும் தரும். வர்ஜீனியாவில் முதலில் ஆளுநர், பிறகு சர்க்யூட் நீதிமன்றம் என்று இரண்டு படி. ஃபுளோரிடாவில் தண்டனை முடிந்து 8 ஆண்டுக்குப் பிறகே கருணை வாரியத்திடம் துப்பாக்கிக்கென்று தனியாகக் கேட்க முடியும். வாஷிங்டன் மாநிலத்தில், கடும் குற்றங்கள் நீங்கலாக, குற்றமின்றி 5 ஆண்டு கழித்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம். என் பார்வையில் நியாயமான முறை நீதிமன்றத்திலேயே தீர்ப்பதுதான்: ஒரு நீதிபதி முன் நின்று, எதிர்த்தரப்பும் பேசி, இந்த மனிதர் இன்று ஆபத்தானவரா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடுவது. மனைவியை அடித்தவரையும் உணவு உதவிப் படிவத்தில் பொய் எழுதியவரையும் ஒரே ஆயுள் தடைக்குள் போட்டுப் பூட்டுவது யாரையும் கூடுதலாகப் பாதுகாக்கவில்லை என்றே என் அனுபவம் சொல்கிறது.

ஒரு எச்சரிக்கை. "கடையில் போய் வாங்கிப் பார்ப்போம், தடை இருந்தால் கணினி சொல்லிவிடும்" என்று சோதிக்காதீர்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் ஃபெலனி பற்றிய கேள்விக்குத் தெரிந்தே தவறாகப் பதில் எழுதுவது அதுவே ஃபெலனி. எஃப்.பி.ஐ. சோதனையில் மறுப்பு வந்தால் உள்ளூர்ச் சட்ட அமலாக்கத்துக்கு அந்தத் தகவல் போகும்படி 2022இல் சட்டம் வந்துவிட்டது. சோதனையில் தப்பித்தவறி அனுமதி கிடைத்தாலும் அது உங்கள் தடையை நீக்குவதில்லை. பதிவு முழுமையாக இல்லை என்பதைத்தான் காட்டுகிறது. உரிமை சட்டப்படி திரும்பிய பிறகும் கணினி மறுத்தால், அதற்கு மேல்முறையீடு உண்டு. தீர்ப்பின் நகலையும் மன்னிப்பு ஆணையையும் எஃப்.பி.ஐ.க்கு அனுப்பித் தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் தாள்களைப் பார்க்காமல் நான் எழுதியிருப்பது பொதுவான பதில். இதை வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் தொடாதீர்கள். இந்த வாரமே எழுத்தர் அலுவலகத்தில் தீர்ப்பு, விடுவிப்பு ஆணை இரண்டின் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். பணம் கட்டி முடித்ததற்கான ரசீதும் கிடைத்தால் நல்லது. ஃபெடரல் துப்பாக்கி வழக்குகளில் பழக்கமுள்ள உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் அவற்றைக் காட்டி, எழுத்தில் கருத்துக் கேளுங்கள். தலைப்பில் என்ன இருக்கிறது, 12.44 இருந்தால் எந்த எழுத்தோடு இருக்கிறது என்பதை மட்டும், பெயரும் வழக்கு எண்ணும் இல்லாமல் இங்கே எழுதினால், அடுத்து எந்த வழியில் போவது என்று மேற்கொண்டு சொல்கிறேன்.